இல்லமும் சட்டமும்: வண்டிக்கு எஃப்.சி. ஆகிவிட்டதா?

“நாளைக்கு வண்டி வராது, எஃப்.சி.க்குப் போகிறது” என்று பள்ளி வண்டியின் ஓட்டுநர் சொல்லிவிட்டுப் போவதைக் கேளாத வீடு நம்மிடையே அரிது. அன்று ஒரு நாள் தந்தையோ பாட்டனாரோ பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறார். அடுத்த நாள் வண்டி புது வண்ணத்துடன் தெருமுனையில் வந்து நிற்கிறது. எஃப்.சி. ஆகிவிட்டது என்கிறார்கள். நாமும் மனநிறைவோடு பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்புகிறோம். அந்த இரண்டு எழுத்துகள் நமக்கு எதை உறுதி செய்கின்றன, எதை உறுதி செய்வதில்லை என்பதை இம்மாதம் பார்ப்போம்.

2012-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று, சென்னையை அடுத்த தாம்பரத்திற்கு அருகிலுள்ள முடிச்சூரில், இரண்டாம் வகுப்பில் படித்துவந்த ஒரு சிறுமி பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அதே பேருந்தின் பின்சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். தமிழகமே பதறிய நிகழ்ச்சி அது. சென்னை உயர்நீதிமன்றம் எவரும் மனுக் கொடுக்குமுன் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. பலர் இன்று மறந்துவிட்ட செய்தி ஒன்று அதில் உண்டு. அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது. நாள் கடந்துபோன சான்று அன்று, நடப்பிலிருந்த சான்று. அதை வழங்கிய ஆய்வாளர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஆயினும் அச்சான்று இருந்தும் ஓட்டை இருந்தது; ஓட்டை இருந்தும் வண்டி ஓடியது.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 56-ஆம் பிரிவில் தகுதிச் சான்றைப் பற்றிப் பேசுகிறது. ‘போக்குவரத்து வாகனம்’ எனப்படும் எதற்கும் இச்சான்று இன்றியமையாதது. பேருந்து, லாரி, வாடகைக் கார், ஆட்டோ ஆகியவை இவ்வகையின என்பது யாவரும் அறிந்ததே. கல்வி நிறுவனத்தின் பேருந்தும் இதில் அடங்கும் என்பதைச் சிலர் அறியார். பள்ளியே விலைகொடுத்து வாங்கி, தன் பிள்ளைகளை மட்டுமே ஏற்றிச் சென்றாலும் அது சொந்த வண்டி ஆகாது; போக்குவரத்து வாகனமே. சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது என்பது அப்பிரிவின் கடுமை. பதிவுப் புத்தகம் பெட்டியில் பத்திரமாக இருக்கலாம். ஆயினும் சான்றின் நாள் முடிந்த மறுநாள் அவ்வண்டி சாலையில் ஓடினால், பதிவு இல்லாத வண்டி ஓடுவதற்கு ஒப்பாகும். முதன்முறைக்கு 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் அகப்பட்டால் 10,000 ரூபாய் வரையிலோ, ஓராண்டு வரை சிறையோ விதிக்க இடமுண்டு.

கால அளவு எளிது. புதிய போக்குவரத்து வாகனத்திற்கு முதற்சான்று இரண்டு ஆண்டுகளுக்கு. அதன்பின் வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எட்டைக் கடந்த வண்டி ஆண்டுதோறும் சோதனைக்கு வர வேண்டும். மனிதர்க்கும் வயதானால் மருத்துவரிடம் அடிக்கடி போக நேர்வதில்லையா?

சோதிப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். நம் மக்கள் அவரை ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே காலங்காலமாக அழைத்து வருகின்றனர். அரசு வைத்த பெயரைக் காட்டிலும் மக்கள் வைத்த பெயர் பொருத்தமானது என்பேன். வண்டி ஓடுகிறதா என்பதைவிட நிற்கிறதா என்பதே அவர் காண வேண்டிய முதற்காரியம். மத்திய மோட்டார் வாகன விதிகள் அவர் பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டுள்ளன. முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யாதவாறு தாழ்ந்து விழுகிறதா; பின்புற விளக்குகளும் ஒளிதிருப்பிகளும் உள்ளனவா; பின்பார்வைக் கண்ணாடி, ஹாரன், மழைத்துடைப்பான், வேகமானி, புகை, பிரேக், ஸ்டியரிங் ஆகியன ஒழுங்காக உள்ளனவா என அது நீளும். ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பும்போது முன்சக்கரம் அசையாமல் வெறுமனே சுழலும் அளவு 30 பாகைக்கு மேற்படலாகாது. டயருக்கும் அளவுண்டு. பேருந்து, கார் போன்றவற்றின் டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அளவுகோல் இன்றியே இதைக் காணலாம். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். தேய்ந்து தேய்ந்து டயரின் மேற்பரப்பு அம்மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. அடுத்த முறை வண்டி நிற்கும்போது, பிள்ளையை ஏற்றுமுன் ஒரு நொடி குனிந்து பாருங்கள்.

இத்தனையும் பார்க்கப்பட்டால் குறை எங்கிருந்து வருகிறது? சோதனை என்பது ஒரு நாளின் ஒரு பொழுது. சான்று பேசுவது அந்தப் பொழுதைப் பற்றியே. அன்று நல்ல நிலையில் இருந்த பிரேக் ஆறு மாதத்தில் தேயும். மழைக்காலம் ஒன்று கடந்தால் தளத் தகரம் துருப்பிடிக்கும். இது இயற்கை. மற்றொன்றும் உண்டு, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. எஃப்.சி.க்கு முதல் நாள் நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டுவதும், தீயணைப்பான் உருளையை அடுத்த வண்டியிலிருந்து கழற்றி வைப்பதும், சான்று கைக்கு வந்ததும் எல்லாம் உரியவரிடம் திரும்பிப் போவதும் ஒர்க்‌ஷாப்பு வட்டாரங்களில் கேலிப் பேச்சாகவே வழங்குகின்றன. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் கேலி வெறுங்காற்றில் பிறப்பதும் இல்லை. வண்ணப்பூச்சு பளபளக்கும்போது அதன்கீழ் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்குக் குறைவு.

சட்டம் இதை அறியாமல் இல்லை. கொடுத்த சான்றை, வண்டி இனித் தகுதியற்றது எனக் கண்டால், எழுத்தில் காரணம் காட்டி எந்நேரத்திலும் நீக்கிவிடும் அதிகாரத்தை 56-ஆம் பிரிவே அளித்துள்ளது. 190-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஆபத்து விளைவிக்கக்கூடிய குறை ஒன்று வண்டியில் இருப்பதை அறிந்தும் ஓட்டியவர் குற்றவாளி. அது மட்டுமன்று, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்கக்கூடிய குறையைப் பாராமல் ஓட்டியவரும், ஓட்ட விட்டவரும் குற்றவாளிகளே. “எங்களிடம் சான்று இருக்கிறது, எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்ற வாதத்திற்கு இங்கே இடமில்லை. பேருந்தின் தளத்தில் உள்ள ஓட்டையைக் காண எந்தக் கருவி வேண்டும்? அன்றாடம் வண்டியைக் கூட்டிப் பெருக்குபவர் கண்ணுக்கே அது தென்பட்டிருக்கும்.

முடிச்சூர் நிகழ்ச்சிக்குப் பின் அதே 2012-இல் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனிச் சிறப்பு விதிகளைத் தமிழக அரசு இயற்றியது. மஞ்சள் வண்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் ஆகியன வற்புறுத்தப்பட்டன. 2022 மார்ச்சு 28 அன்று சென்னை வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்திற்குள்ளேயே இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பள்ளி வேனில் அடிபட்டு இறந்தான். அதன் பின்னர், வண்டியின் முன்னும் பின்னும் கேமராவும், அருகில் ஆள் இருப்பதை உணர்த்தும் கருவியும் கட்டாயமாயின. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

கோடை விடுமுறையில், பெரும்பாலும் மே மாதத்தில், மாவட்டந்தோறும் பள்ளி வண்டிகளை ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, போக்குவரத்து, வருவாய், காவல், கல்வித் துறையினர் கூட்டாகப் பார்வையிடுவதைச் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனையும், தீயணைப்புத் துறையினரின் செயல்விளக்கமும் அங்கேயே நடைபெறும். இது தகுதிச் சான்றுக்குப் பதிலாக நடப்பதன்று. அதற்கு மேற்பட்ட சோதனை. அங்கே அவசர வழிக் கதவு திறவாத வண்டிகளும் படிக்கட்டு பழுதான வண்டிகளும் திருப்பி அனுப்பப்படுகின்றன. உங்கள் பிள்ளை செல்லும் வண்டி அம்மைதானத்திற்குப் போயிற்றா, முதல் முறையிலேயே தேறியதா என்று ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கேட்பது முறையான கேள்வி.

கேட்பதில்தான் நமக்குத் தயக்கம். நம் மறைமாவட்டங்களின் பள்ளிகள் பலவும் பேருந்துகள் நடத்துகின்றன. தாளாளராகப் பங்குத்தந்தையோ அருட்சகோதரியோ இருக்குமிடத்தில், “வண்டிக்கு எஃப்.சி. எதுவரை இருக்கிறது?” என்று கேட்பது மரியாதைக் குறைவோ எனப் பெற்றோர் எண்ணுகின்றனர். மருந்துக் குப்பியின் காலாவதி நாளைப் பார்ப்பது மருத்துவரை அவமதிப்பதாகுமா? இதுவும் அத்தகையதே. நல்ல நிர்வாகிக்கு இக்கேள்வி உதவியாகவே அமையும். பழுது பார்க்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் அவர் பேசும்போது, பெற்றோர் கேட்கிறார்கள் என்று சொல்ல அவருக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், ஒருவருக்காக அன்றி எல்லோருக்காகவும் கேட்டால் எவர் மனமும் நோகாது. சான்று முடியும் நாளை வண்டியின் உட்புறத்திலேயே எழுதி வைத்துவிட்டால் கேட்கவும் வேண்டியதில்லை. லாரிகளின் பக்கப்பலகையில் எஃப்.சி. நாளை எழுதி வைத்திருப்பதை நாம் பார்க்கிறோமே. சரக்குக்குச் செய்வதைப் பிள்ளைகளுக்குச் செய்யலாகாதா?

யாரையும் கேளாமல் அறிய விரும்பினாலும் இன்று வழி உண்டு. ‘பரிவாகன்’ என்னும் மத்திய அரசின் இணையதளத்திலோ, ‘எம்பரிவாகன்’ என்னும் கைப்பேசிச் செயலியிலோ உங்கள் கைப்பேசி எண்ணைப் பதிந்துகொண்டு வண்டியின் பதிவெண்ணைக் கொடுத்தால், தகுதிச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியன எந்நாள்வரை செல்லும் என்பது தெரியும். வீட்டிலுள்ள கல்லூரிப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான்.

இனி, சோதனை எங்கே நடைபெறுகிறது என்பதற்கு வருவோம். சிறு அளவில் வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் உள்ளன. அவர்களுக்கு இது பயன்படும். தமிழகத்தில் இதுவரை வழக்கமான இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமோ, அதன்கீழ் சிறு நகரங்களில் இயங்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் பகுதி அலுவலகமோ ஆகும். மேற்சொன்ன இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, நாள் குறித்துக்கொண்டு வண்டியை அங்கே கொண்டுசெல்ல வேண்டும். அலுவலக வாசலில் “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வரும் இடைத்தரகரிடம் வண்டியையும் பணத்தையும் ஒப்படைத்துவிட்டுத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பது பலர் வழக்கம். அப்படிச் செய்பவர் தம் வண்டியில் என்ன குறை கண்டார்கள் என்பதை அறியாமலே வீடு திரும்புகிறார். சோதனையின் உண்மைப் பயனே அக்குறைகளை அறிவதுதான்.

2021 செப்டம்பரில் மத்திய அரசு தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை வெளியிட்டது. கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் அங்கேதான் சோதனை என்று முதலில் அறிவித்து, போதிய நிலையங்கள் எழும்பாமையால் 2024 அக்டோபருக்குத் தள்ளிவைத்தது. இந்நிலையங்களில் வண்டியின் சக்கரங்களைச் சுழலும் உருளைகள்மீது நிறுத்தி, பிரேக்கை அழுத்தும்போது ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது எனத் தனித்தனியே அளப்பார்கள். இடப்பக்கம் பிடித்து வலப்பக்கம் பிடிக்காத வண்டி மழையில் எப்படித் திரும்பிவிடும் என்பது ஓட்டுநருக்குத் தெரியும். மேலோட்டமாகப் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. உருளைக்குத் தெரிந்துவிடும். சோதிக்கும் நிலையம் பழுதுபார்க்கும் தொழிலோ வாகன விற்பனையோ செய்யலாகாது என்பதும் நல்ல விதி. பிரிட்டனில் அனுமதி பெற்ற பழுதுபார்ப்புக் கூடங்களே சோதனையும் செய்கின்றன. குறை சொன்னவரே அதைச் சரிசெய்யப் பணமும் வாங்கினால் ஐயம் எழுவது இயல்பு. இங்கு அவ்வையத்திற்கு இடம் வைக்கவில்லை. உங்கள் பகுதிக்கு எது உரிய இடம் என்பதை விண்ணப்பிக்கும்போதே இணையதளத்திலும், இல்லையேல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் தெரிந்துகொள்ளலாம்.

ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கு வேன் அமர்த்துவோர் பலர். நாள் வாடகை எவ்வளவு, ஏ.சி. உண்டா என்று கேட்கிறோம். பலகையின் நிறத்தை நோக்குவதில்லை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகைக்குரிய வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்தப் பயன்பாட்டுக்குரியது. வாடகைக்கு ஓட்ட உரிமை இல்லை. மின்சார வண்டியாயின் பலகை பச்சை. வாடகை வண்டிக்கு எழுத்து மஞ்சள், சொந்த வண்டிக்கு வெள்ளை. தெரிந்தவர் வண்டி, குறைந்த வாடகை என்று வெள்ளைப் பலகை வேனில் பதினைந்து பேர் ஏறிப் போவது நம்மிடம் சாதாரணம். அவ்வண்டியை எந்த ஆய்வாளரும் பார்த்திருக்க மாட்டார். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுத்து வழக்காடக் காரணமும் கிடைத்துவிடுகிறது. தகுதிச் சான்று இல்லாத வாடகை வண்டிக்கும் இதே கதிதான். முதலில் நிறுவனம் இழப்பீட்டைக் கொடுக்கட்டும், பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஆணையிட்டுள்ளன. ஆனால் அந்த ஆணை வருமளவும் படியேறி இறங்குபவர் குடும்பத்தைப் பறிகொடுத்தவரே.

இறுதியாக நம் சொந்த ஸ்கூட்டரும் காரும். இவற்றுக்கு எஃப்.சி. இல்லை, பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிரிட்டனில் கார் மூன்று வயதை எட்டியதும் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். இங்கே பதினைந்து ஆண்டுகள் எவரும் நம் பிரேக்கைப் பார்க்கப் போவதில்லை. கேட்கப்படுவது புகைச் சான்று ஒன்றே. புது வண்டிக்கு ஓராண்டு கழிந்ததும் அது தேவை. பாரத் நிலை 4, நிலை 6 வண்டிகளுக்கு ஓராண்டும், அவற்றுக்கு முந்தியவற்றுக்கு ஆறு மாதமும் செல்லும். பெட்ரோல் பங்குகளை ஒட்டிய சிறு நிலையங்களில் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். அதை அற்பமாக எண்ணி விட்டுவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதத்திற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பதினைந்து ஆண்டு முடியுமுன், 60 நாட்களுக்குள்ளாக, 25-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து வண்டியைச் சோதனைக்குக் காட்டி, பசுமை வரியும் செலுத்தினால், பதிவு மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும். காலஞ்சென்ற தந்தையின் பெயரிலேயே இன்னும் இருக்கும் பழைய ஸ்கூட்டர்கள் பல வீடுகளில் உண்டு. அவற்றுக்கு முதலில் வாரிசு பெயருக்கு மாற்றம் செய்துகொண்டு, அதன்பின் புதுப்பிக்க வேண்டும். அந்நடைமுறையை அடுத்த இதழில் பார்ப்போம்.